ரெண்டு பாகம் ஹோஸ்

அந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளுதியளா அண்ணாச்சி? அடைச்ச பஸ்ல எனக்கு இருப்புக் கொள்ளாது. ம், போதும். இல்ல, இன்னும் கொஞ்சம். நீங்க மதுரை வரைக்கும்தானே? கண்ணாஸ்பத்திரிக்கா? நல்லது. நானும் மதுரைக்குத்தான், ஆஸ்பத்திரிக்குத்தான். ஆனா எனக்கு ஒண்ணுமில்லை, நான் கல்லு மாதிரி இருக்கேன். ஒரு பயலுக்காகப் போறேன். சோலைராஜான்னு பேரு. ரயில் எஞ்சின்ல ரெண்டாவது டிரைவரா இருந்தான். இன்னைக்குப் பதினோரு மணிக்கு ரயில்வே டாக்டருங்க மூணு பேரு உக்காந்து, அவன் இனிமே எஞ்சின்ல ஏறலாமா, இல்ல ஆயுசுக்கும் ஏறவே கூடாதான்னு முடிவு சொல்லப் போறாங்க. அதுக்கு நான் சாட்சி.

மணி என்ன ஆச்சு? ஏழரைதானா? வண்டி என்ன இப்படி உருட்டுதான். எட்டயபுரம் வந்தாச் சொல்லுங்க, நான் எறங்கினாலும் எறங்கிருவேன். இல்ல, சும்மா சொன்னேன்.

சாட்சின்னா என்ன, கண்ணால பாத்ததைச் சொல்லுததுதானே? பய நல்லா இருந்தான், நல்லா நீஞ்சுனான், ஒரு கோளாறும் நான் பாக்கலைன்னு சொல்லுவேன். அதுல ஒரு சொல்லு பொய் கிடையாது. மாதாமேல சத்தியமா கிடையாது.

என் பேரு தொம்மை. தொம்மை மச்சாது. தூத்துக்குடில கடற்கரைப் பக்கம் வந்து கேட்டியன்னா சின்னப்பிள்ளை கூட வீட்டைக் காட்டும். இருபத்திரண்டு வருசம் சங்குக்கு முங்குனவன். இப்ப ஒரு ஏழு வருசமா தாரணின்னு ஒரு கோயம்புத்தூர்ப் பொண்ணு நடத்துத ஸ்கூபா படகுல இருக்கேன். சுத்திப் பாக்க வாரவங்களுக்கு முதுகுல சிலிண்டரைக் கட்டி, கடலுக்குள்ள கூட்டிட்டுப் போயி, மீனைக் காட்டி, மேல கொண்டாந்து விடுத வேலை. தண்ணிக்குள்ள அவ பாத்துக்கிடுவா. படகு, நங்கூரம், கயிறு எல்லாம் நான். கோயம்புத்தூர்ல ஏது கடலுன்னு கேக்காதிய. நானும் மொத நாளு அப்படித்தான் கேட்டேன். அதுக்கு அவ சிரிச்சா. நல்ல பொண்ணுதான். ஆனா எதுக்கெடுத்தாலும் டேப்பு வச்சு அளப்பா, அது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்காது.

ஆழத்துக்குப் போயிட்டு படக்குன்னு மேல வரக் கூடாது. இது எங்களுக்கும் தெரியும். நாங்க மூட்டு பிடிச்சிட்டுன்னு சொல்லுவோம், அவ நைட்ரஜன்னு சொல்லுவா. காத்துல இருக்கது ரத்தத்துல கரைஞ்சு போயி நிக்குமாம். சோடாவைப் படக்குன்னு உடைச்சா பொங்கும்லா, அது மாதிரி ஆயிரும். அதனால மேல வரும்போது அஞ்சு மீட்டர்ல கயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நிக்கணும். மூணு நிமிசம், அஞ்சு நிமிசம். ஒடம்புல உள்ளதெல்லாம் மெல்ல வெளிய போயிரும். எல்லாப் படகுலயும் செய்யததுதான் இது.

தாரணி அதுக்கு மேல ஒண்ணு செஞ்சா. படகுல ஆக்ஸிஜன் சிலிண்டரை வச்சு, அதுல இருந்து ஒரு ஹோஸை தண்ணிக்குள்ள தொங்க விட்டா. நுனியில ஈயக்கட்டி, வாயில வைக்கத ரப்பர். மேல வாரவங்க அந்த அஞ்சு மீட்டர்ல நின்னு, தன் சிலிண்டரை விட்டுட்டு, இந்த ஆக்ஸிஜனை இழுக்கணும். சுத்த ஆக்ஸிஜன். ஒடம்புல உள்ள நைட்ரஜன் சீக்கிரம் வெளியேறிருமாம், அசதி தெரியாதாம். நான் நம்பலை. பணக்காரங்களுக்குக் காத்தைக் கூடத் தனியா ஊத்திக் குடுக்கணுமான்னு கேட்டேன். பொறவு ஒரு நாளு நானும் இழுத்துப் பாத்தேன். அண்ணாச்சி, சும்மா சொல்லப்பிடாது, அன்னைக்குச் சாயங்காலம் என் முட்டி வலிக்கலை!

ஆனா ஒரு விதி வச்சிருந்தா. ஆறு மீட்டருக்குக் கீழ அந்த ரப்பர் போகக் கூடாது. "அஞ்சு மீட்டர்ல மருந்து, பத்து மீட்டர்ல விஷம், தொம்மை அண்ணா. ஆழத்துல சுத்த ஆக்ஸிஜனை இழுத்தா வலிப்பு வந்துரும்." தெனமும் இதே பாட்டு. காத்து எப்படிம்மா விஷமாகும்னு ஒரு தடவை கேட்டேன். ஒரு மணிக்கூர் படம் போட்டு விளக்குனா. நான் தலையை ஆட்டுனேன். வாய்க்குள்ள சிரிச்சேன், அதையும் சொல்லிருதேன்.

ஹோஸை அதுக்குன்னே அளந்து வெட்டியிருந்தா. படகுல இருந்து தண்ணிக்குள்ள சரியா அஞ்சு மீட்டர். கீழ போகணும்னு நெனைச்சாலும் போக முடியாது, இழுத்துப் பிடிச்சுக்கிடும்.

எட்டயபுரமா? வழி விடுங்க, வழி விடுங்க. எறங்கிக்கிடுதேன். கண்டக்டர், ஒரு நிமிசம்! பையை எடுத்துக் குடுங்க அண்ணாச்சி.

என்ன அப்படிப் பாக்கிய? டீ குடிக்கத்தான் எறங்குனேன். ரெண்டு வாய் குடிக்கதுக்குள்ள அடிச்சிட்டான் விசிலு. சட்டையெல்லாம் டீ. அந்தப் பக்கம் நிக்கது தூத்துக்குடி வண்டியான்னு ஒரு ஆளுட்டக் கேட்டேன், அவ்வளவுதான். கேக்கது குத்தமா?

எதுல விட்டேன்? ஹோஸ். ஆமா.

பங்குனில கொண்டல் காத்து எழும்பிருச்சு. படகு ஏறி எறங்குது. படகு ஏறும்போது ஹோஸும் சேந்து ஏறும்லா, கீழ நிக்கவன் வாயில இருந்து ரப்பரை வெடுக்குன்னு பிடுங்கும். ஒரு பொம்பளைக்கு உதடு கிழிஞ்சிட்டு. ஒருத்தன் மேல வந்து வாந்தி எடுத்தான். பாக்க எனக்குப் பாவமா இருந்துச்சு. மாட்டைக் குட்டையாக் கட்டிப் போட்டா அது என்ன செய்யும்? கழுத்தைத்தான் அறுத்துக்கிடும். கயித்தைக் கொஞ்சம் நீட்டி விட்டா அதுபாட்டுக்கு நிக்கும். சங்குக்குப் போறப்போ நாங்க ஹோஸை எப்பவும் நெகிழ்வாத்தான் விடுவோம். இது அனுபவம். டேப்புல வராது.

பழைய சங்குப் படகு ஹோஸ் ஒண்ணு வீட்டுல கெடந்துச்சு. அதுல ரெண்டு பாகம் வெட்டி, தாரணி ஹோஸோட சேத்து கிளிப்பு போட்டு முறுக்குனேன். பாகம்னா தெரியும்லா, ரெண்டு கையையும் இப்படி விரிச்சா இந்த நுனியில இருந்து அந்த நுனி வரைக்கும். மன்னிச்சிருங்க, மூக்குல பட்டுட்டா? கூடுன நீளத்தை மடக்கி, சைக்கிள் டியூபை அறுத்து, மேல படகு ஓரத்துலயே கயித்தோட லேசாக் கட்டி வச்சேன். ரப்பர் நிக்கது அதே அஞ்சு மீட்டர்லதான். படகு துள்ளுனா மடிப்பு விரியும், வாயைப் பிடுங்காது. அருமையான வேலை. ஒரு வாரம் ஒருத்தன் முகம் சுளிக்கலை. தாரணியே கேட்டா, "இப்பல்லாம் யாருமே குறை சொல்லலையே அண்ணா, கடல் அடங்கிருச்சா?"ன்னு. ஆமாம்மா அடங்கிருச்சுன்னேன்.

சொல்லியிருக்கலாம்தான். ஒரு ஹோஸை நீட்டுனதுக்கு ஊரெல்லாம் தண்டோரா போடணுமா? சொன்னா உடனே டேப்பை எடுத்துட்டு வந்துருவா.

சோலைராஜா மூணாவது தடவையா வந்திருந்தான். ஸ்கூபாவை முறையாப் படிச்சு அட்டை வாங்குன பய. எஞ்சின் கதையாச் சொல்லுவான். ராத்திரி வண்டி ஓட்டும்போது ரயில்வே கேட்டுல நிக்கவன் பச்சை விளக்கைக் காட்டுவான்லா, அவனுக்கு இவன் பதிலுக்குக் காட்டுவானாம். அதைச் சொல்லும்போதே பயலுக்கு முகம் மலர்ந்துரும். அன்னைக்கு தாரணியைச் சேத்து மூணு பேரு எறங்குனாங்க. ஆழம் பதினெட்டு மீட்டர், நாப்பது நிமிசம். திரும்பி வந்து கயித்தைப் பிடிச்சு நிக்காங்க. ஒரு அம்மாவுக்குக் கண்ணாடிக்குள்ள தண்ணி ஏறிருச்சு, தாரணி அதைச் சரி பண்ணிக்கிட்டு இருக்கா. சோலை வாயில ஆக்ஸிஜன். அன்னைக்குக் காத்து விழுந்துட்டு, தண்ணி கண்ணாடி மாதிரி, மேல இருந்து எனக்கு எல்லாம் தெரியுது.

அப்பத்தான் ஒரு ஆமை வந்துச்சு. நல்ல பெருசு. கயித்துக்குக் கீழ சாவகாசமாப் போகுது. பய அதைப் பாத்துட்டான். தலையைக் கீழ திருப்பி அது பின்னாலயே எறங்குதான். குட்டை ஹோஸா இருந்தா அங்கயே பிடிச்சு நிறுத்தியிருக்கும். இது மடிப்பு விரியுது, விரியுது, போயிட்டே இருக்கு. அஞ்சும் மூணரையும் எட்டரை. ஒம்பதுன்னே வச்சுக்கிடுங்க. ஹோஸ் விறைச்சு நின்னுச்சு. அவனும் அங்கனயே நின்னு ஆமையைப் பாத்துக்கிட்டே இருக்கான். ஒரு நிமிசம் இருக்கும், ரெண்டு நிமிசம் இருக்கும். நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். நல்லா பாக்கட்டும், ஆசையா வந்த பிள்ளைன்னு நெனைச்சேன் அண்ணாச்சி. சத்தியமா அப்படித்தான் நெனைச்சேன்.

பொறவு ஹோஸ் ஆட ஆரம்பிச்சுச்சு. வெட்டி வெட்டி இழுக்குது.

நான் குதிச்சிட்டேன். சிலிண்டரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. போய்ப் பாத்தா கையும் காலும் இழுக்குது, கண்ணு மேல சொருகியிருக்கு, ரப்பர் வாயை விட்டுப் போயிருச்சு. பின்னால போயி தாடையைத் தூக்கிப் பிடிச்சுக் கொண்டு வந்தேன். மேல வந்து மூக்கைப் பிடிச்சு வாயில ஊதுனேன். மூணாவது ஊதலுக்கு இருமுனான். தாரணிக்கு அப்பத்தான் விசயமே தெரியும். அவ கத்துன கத்து இன்னும் காதுல கேக்குது.

அவனைப் படகுல படுக்க வச்சு, தாரணி பக்கத்துல உக்காந்து அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நான் பின்னாலே போயி, கத்தியை எடுத்து, சேத்து வச்ச அந்த ரெண்டு பாகத்தையும் வெட்டிக் கடல்ல போட்டேன். வாயில வைக்கத ரப்பரைப் பழையபடி மாட்டிட்டேன். கரைக்கு வாரதுக்கு முன்னாடி படகை ஒழுங்கு பண்ணுதது எங்க வழக்கம். தேவையில்லாததைத் தூரப் போடுததும் அதுலதான் சேத்தி.

என்ன, முகத்தைத் திருப்பிக்கிட்டிய? வெயிலா? சரி, திரையை இழுத்து விடுங்க.

தாரணி கரையில வச்சு ஹோஸை அளந்தா. ஒரு தடவை இல்ல, மூணு தடவை அளந்தா. "இதுல ஏதாவது மாத்துனீங்களா அண்ணா?"ன்னு கேட்டா. "நீயே அளந்து பாத்துட்டியேம்மா"ன்னேன். பொய்யா இது? நீங்களே சொல்லுங்க. அஞ்சு மீட்டர் இருந்துச்சு, அஞ்சு மீட்டர்னு எழுதுனா. ஆழத்தைப் பதிவு பண்ணுத கைக்கடிகாரம் அவ ஒருத்தி கையிலதான் உண்டு. அது அஞ்சு மீட்டர்லதானே நின்னுச்சு.

பயலுக்குக் கயித்தைப் பிடிச்சது வரைக்கும்தான் ஞாபகம். ஆமையும் ஞாபகமில்லை, ஒண்ணும் ஞாபகமில்லை. அதுக்குப் பொறவு என் முகம்தானாம். "கண்ணைத் தெறந்தா ஒங்க மொகம் அண்ணாச்சி. சாமி மாதிரி இருந்துச்சு." இப்படிச் சொன்னா நான் என்ன செய்ய? ஊருல எனக்குப் பொன்னாடை போட்டாங்க. சாமியார் ஞாயித்துக்கிழமைப் பூசையில பேரைச் சொன்னாரு. என் வீட்டுக்காரி ரீத்தம்மா அன்னைக்குப் பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில இருந்தா. கல்யாணமாகி முப்பது வருசத்துல அவ என்னை அப்படிப் பாத்ததே கிடையாது.

டாக்டருங்க என்ன சொல்லிட்டாங்கன்னா, அஞ்சு மீட்டர்ல இப்படி வராது, அப்போ கோளாறு ஒன் ஒடம்புலதான் இருக்கு, ஒனக்கு வலிப்பு நோய். வலிப்பு உள்ளவனை நம்பி ரயிலைக் குடுப்பாங்களா? ஆயிரம் சனம் பின்னால உக்காந்திருக்கு. அவங்க மேலயும் தப்பு கிடையாது. எஞ்சின்ல இருந்து எறக்கி, ஒரு ஆபீஸ்ல பேப்பர் அடுக்கப் போட்டுட்டாங்க. பேசி வச்ச பொண்ணு வீட்டுக்காரங்க மரியாதையா ஒதுங்கிட்டாங்க. இப்ப ரெண்டு வேளையும் மாத்திரை. அதைத் தின்னா பகல்லயே கண்ணைச் சொக்குதாம்.

இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும்? ஞாயிறு தவறாம போன் பண்ணுவான்லா! நன்றி சொல்லியே கொல்லுதான் அண்ணாச்சி. கிறிஸ்மஸுக்கு வேட்டி அனுப்புவேங்கான். ஒருத்தனைக் காப்பாத்துனா ஒரு தடவை நன்றி சொல்லணும், போகணும். இப்படி வாராவாரமா? ஞாயித்துக்கிழமை வந்தாலே எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு. போனை எடுக்காம விட்டா ரீத்தம்மா எடுத்துக் குடுத்துருதா.

நான் சொல்லிட்டேன்னு வைங்க. என்ன ஆகும்? தாரணி படகை நிறுத்துவாங்க. அவ தலை உருளும், பாவம், அவ என்ன செஞ்சா? என் வேலை போகும். போலீஸ் வந்தாலும் வரும். பொன்னாடை போட்டவன் எல்லாம் காறித் துப்புவான். அம்பத்தேழு வயசுல நான் எங்கன போயி நிப்பேன்? ரீத்தம்மா முகத்தை எப்படிப் பாப்பேன்? அதனாலதான் ஒண்ணும் பேசலை. யாரும் எங்கிட்ட நேராக் கேக்கவும் இல்லை. ஹோஸ் எத்தனை மீட்டர்னு ஒருத்தனாவது கேட்டானா? கேட்டா சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கேன்.

இப்ப என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கான். "நீங்க வந்து, நான் நல்லா இருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி, ஒங்க சொல்லுக்கு மதிப்பு இருக்கு"ங்கான். அந்த வார்த்தையால ஒண்ணும் ஆகப் போறதில்லை, அவனுக்கே தெரியும். இருந்தாலும் கூப்பிடுதான். நானும் போறேன். நல்லா இருந்தான்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ல திரும்பிருவேன்.

அருப்புக்கோட்டை தாண்டிட்டா? எப்ப தாண்டுச்சு? நான் பாக்கவே இல்லையே.

இருங்க. போன். அவன்தான்.

சொல்லு தம்பி. ஆமா, பஸ்லதான். வந்துருவேன், வந்துருவேன். சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா? என்னது அங்கன ஒரே அழுகைச் சத்தம்? அக்கா பிள்ளையா? அக்கா எங்க? குளிக்காளா? சரி, நீதானே பக்கத்துல இருக்க, தூக்க வேண்டியதுதானே? பிள்ளை மூச்சு முட்டி அழுதுல்லா. எடுத்துத் தோள் மேல போடு. ஏன்? ஏல, என்ன சொல்லுத? ஆறு மாசமாவா? பிறந்ததுல இருந்தா? ஒரு தடவை கூடவா?

அண்ணாச்சி, தூக்க மாட்டானாம். பிள்ளையைக் கையில வச்சிருக்கும்போது வலிப்பு வந்துட்டா கீழ போட்டுருவேன்னு பயந்து, பிறந்ததுல இருந்து தொட்டுக் கூடப் பாக்கலையாம். தொட்டில் பக்கத்துல உக்காந்து கையால விசிறிக்கிட்டு இருக்கானாம்.

தம்பி. சோலை. நான் சொல்லுததைக் கேளு. குறுக்கப் பேசாத. ஒனக்கு வலிப்பு கிடையாது. ஏல, கிடையாதுங்கேன்! அந்த ஹோஸ் அஞ்சு மீட்டர் இல்ல. ஒம்பது. நான்தான் நீட்டுனேன். நீ ஆமை பின்னால எறங்குன, நான் மேல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த ஆழத்துல அதை இழுத்தா யாருக்கானாலும் வரும், நாளைக்கு எனக்குக் குடுத்தா எனக்கும் வரும். ஒன் ஒடம்புல ஒரு கோளாறும் இல்லை. நான் வெட்டிக் கடல்ல போட்டுட்டேன் அதை. கேக்கியா? தம்பி? ஆமா. தெரியும். அன்னைக்கே தெரியும். ஏன்னா பயம்லே, வேற என்ன. பயந்துட்டேன். டாக்டர் முன்னாடி சொல்லுதேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தாரேன். தாரணிட்டயும் நானே சொல்லுதேன். நீ என்னை என்ன வேணும்னாலும் செய்யி. செருப்பால அடிச்சாலும் நின்னு வாங்கிக்கிடுதேன்.

என்ன? என்ன கேட்ட? பிள்ளை சத்தத்துல கேக்கலை, உரக்கச் சொல்லு.

தூக்கு. இப்பவே தூக்கு. தலைக்கு ஒரு கையைக் குடுத்து, நெஞ்சோட சேத்துத் தூக்கு. ஒண்ணும் வராதுலே. ஒனக்கு ஒண்ணும் வராது. தூக்கு.

அண்ணாச்சி, இந்தாங்க, காதுல வச்சுக் கேளுங்க. அழுகை நின்னுட்டு.